பலராமன் கலக்காத ரத்தம்

இந்த ரத்தம் உருப்படியாக லேபுக்குப் போய்ச் சேரக்கூடாது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் பலராமன் முடிவு கட்டினார். ரத்தம் அவருடையதுதான். அதனால் கொலைப் பழி கிடையாது.

பன்னிரண்டு வருஷமாகத் திருவண்ணாமலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பைக்கில் லேபுக்குக் கொண்டு சேர்ப்பது அவர் பிழைப்பு. செங்கம் ரோட்டு வெள்ளைக்காரர் முதல் வேங்கிக்கால் குமாஸ்தா வரை அவரிடம் கை நீட்டாத ஆள் இல்லை. கெட்டுப்போன சாம்பிளை எழுத லேபில் ஒரு நோட்டு உண்டு. சாம்பிள் எடுக்கிற எல்லார் பேரும் அதில் ஏறியிருக்கிறது. பலராமன் பேர் மட்டும் ஏறியதே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர் பெருமைப்பட்டுக்கொள்ள மிஞ்சியது அது ஒன்றுதான்.

போகிற வீட்டிலெல்லாம் காபி கொடுப்பார்கள். பிரசாதம் என்று சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார்கள். அண்ணாமலையார் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல பலராமன் என்ன நாத்திகரா? அவர் மனைவி ரேணுகாம்பாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“ஊர் சர்க்கரையெல்லாம் பாக்குறீங்க. உங்க சர்க்கரையை எப்பங்க பாக்கப் போறீங்க?”

“எனக்கு இன்னா கொறச்சல்?”

“கொறச்சல் இல்லீங்க. ஜாஸ்தியா இருக்குமோன்னுதான் கேக்குறேன். அந்த மூணு மாசக் கணக்கு சொல்லுமே, அந்த டெஸ்டையே எடுத்துடுங்க.”

பலராமன் கணக்குப் போட்டுப் பார்த்தார். சாதாரண டெஸ்ட் என்றால் ஒருநாள் பட்டினி கிடந்து ஏமாற்றலாம். இது அப்படியில்லை. மூன்று மாசம் தின்றதை எல்லாம் பெண்டாட்டியிடம் போட்டுக்கொடுத்துவிடும்.

ஆனால் தொழில் தெரிந்தவருக்கா வழி தெரியாது? ஊதா மூடி போட்ட டியூப்பில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து இருக்கும். எடுத்த கையோடு பத்து தரம் மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் ரத்தம் உறைந்துவிடும். லேபில் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

கையில் ரப்பர் பட்டையை ரேணுகாம்பாள் இறுக்கினாள். இறுக்குவதில் அவளுக்குப் பழக்கம் உண்டு. பலராமன் தன் கையில் தானே குத்தி எடுத்தார். டியூப்பைக் கலக்காமல் ஸ்டாண்டில் சொருகினார். பின்கட்டுக்குப் போய்க் கால் மணி நேரம் கை கழுவினார். திரும்பி வந்து, ஆடாமல் அசையாமல் தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

மத்தியானம் லேபிலிருந்து கீர்த்தனா கூப்பிட்டாள். அங்கே எல்லாம் அவள் பொறுப்பு.

“அண்ணா, உங்க சாம்பிள் உறைஞ்சிடுச்சுண்ணா.”

“அடடா!”

“உங்க கையில இப்படி ஆகும்னு நான் நெனைச்சே பாக்கலண்ணா. நோட்டுல எழுதிக்கிறேன்.”

ஜெயித்த சந்தோஷம் போன் வைக்கிற வரைக்கும்தான் இருந்தது. பிறகு சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு வருஷப் பேரை ஒரு பொங்கலுக்கு விற்றுவிட்டோமே என்று மனசு அறுத்தது. அந்த நோட்டு இருக்கிற மேஜைப் பக்கம் போகவே கூசியது. அவர் வாயாலேயே விஷயத்தைக் கேட்டு, கூட வேலை செய்கிற விமல்ராஜ் “யானைக்கும் அடி சறுக்கும்ணே” என்று ஆறுதல் சொன்னபோது அழுகையே வந்துவிட்டது. சறுக்கவில்லையே, தானாக அல்லவா விழுந்தார்!

வீட்டில் ரேணுகாம்பாள் கோபிக்கவே இல்லை.

“போனா போவுதுங்க. இன்னொரு வாட்டி எடுத்தா ஆச்சு.”

“இப்ப வேணாம். மூணு மாசம் போவட்டுமே?”

“சரிங்க” என்றாள். இருபது வருஷத்தில் அவள் எதிர்ப்பேச்சு பேசாமல் சரி என்றது அன்றைக்குத்தான். பலராமன் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அந்த மூன்று மாசமும் அவர் இனிப்பைத் தொடவில்லை. விடிந்ததும் கிரிவலப் பாதையில் நடந்தார். ஒரு வீட்டில் “விரதங்களா சார்?” என்று கேட்டார்கள். விரதமில்லை, தண்டனை என்று சொல்ல நாக்கு துடித்தது. பத்து தரம் கலக்க வேண்டிய டியூப்பை இருபது தரம் கலக்கினார். செய்த பாவம் தீரவில்லை.

மூன்றாம் மாசக் கடைசியில் தானே எடுத்து, ஒழுங்காகக் கலக்கி, லேபில் கொடுத்தார். ரிசல்ட் ஆறு புள்ளி எட்டு! காகிதத்தோடு வீட்டுக்கு ஓடி வந்தார்.

ரேணுகாம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். பீரோவைத் திறந்தாள். புடவைக்கு அடியிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

“எட்டு புள்ளி ஒம்போது இருந்தது. பரவால்ல, நல்லாவே கம்மியாயிருக்கு.”

“இது ஏது?”

“அன்னிக்கு எடுத்ததுதாங்க. நீங்க கை கழுவப் போனதும் நான் எடுத்துப் பத்து தரம் கலக்கி வெச்சுட்டேன். உறைஞ்சிடுச்சுன்னு உங்ககிட்ட சொல்லச் சொல்லி கீர்த்தனாகிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன். நெசத்தைச் சொல்லியிருந்தா ‘டெஸ்ட் தப்பு’ன்னு சொல்லிட்டு மறுநாளே பொங்கல் தின்னப் போயிருப்பீங்க.”

பலராமனுக்குச் சர்க்கரை மறந்துபோனது.

“அப்போ அந்த நோட்டுல... என் பேரு கெடலையா?”

“எப்படிங்க கெடும்? நான் ஒருத்தி இருக்கிற வரைக்கும் உங்க பேரை உங்களால கூட கெடுத்துக்க முடியாது.”