ஸ்பீக்கர் படம் காணாமல் போன ஞாயிற்றுக்கிழமை

குடும்பத்தில் ஒருவனுக்குக் 'கம்ப்யூட்டர் தெரியும்' என்று பெயர் வந்துவிட்டால், அதை அவனாகக் கழற்றிப் போடவே மாட்டான். நானும் போடவில்லை. சிம்பாங் பூலாயில் ஒரு டயர் கடை அலுவலகத்தில் எனக்கு வேலை. ஒருமுறை பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவி எடுத்தேன். அதை அக்காவிடம் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். (கொஞ்சம் என்றால், பிரிண்டரையே அக்கக்காகக் கழற்றி மாட்டிய அளவுக்கு.) அன்றிலிருந்து குனோங் ராபாட்டில் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் தும்மினாலும் எனக்குத்தான் போன்.

அந்தச் சனிக்கிழமை மச்சான் கூப்பிட்டார்.

"டேய், கீழ கடிகாரத்துக்குப் பக்கத்துல சின்னச் சின்னப் படமா இருக்கும்ல, ஸ்பீக்கரு, வைஃபைன்னு? ஒண்ணையும் காணோம். நேத்து அதுவா என்னமோ அப்டேட் பண்ணுச்சு. இப்பக் கடிகாரம் மட்டும் தனியா நிக்குதுலா."

"தொடாதீங்க மச்சான், நான் வாரேன்," என்றேன், வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யப் போகிறவன் குரலில்.

விஷயம் சின்னதில்லை. மறுநாள் காலை பதினொரு மணிக்கு அக்கா மகள் ஷாலினியைப் பெண் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை தினேஷுக்கு லூமுட்டில் கப்பல் பழுதுபார்க்கும் வேலை. அவருடைய அப்பாவுக்கு அப்போதுதான் மூட்டில் அறுவை சிகிச்சை முடிந்திருந்ததால் காரில் வர முடியாது. அதனால் முதல் சந்திப்பை வீடியோவிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

"என் போன்லயே பேசிரலாம் மாமா," என்றாள் ஷாலினி.

"சம்பந்தம் பேசறதுக்குப் போனா? பெரிய திரையில பேசுனாத்தாம்மா மரியாதை."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். செட்டிங்ஸுக்குள் போய், அந்தப் படங்களைக் காட்டச் சொல்லும் பொத்தான்களை ஒவ்வொன்றாக அணைத்து மறுபடி போட்டேன். ஒன்றும் வரவில்லை. ஷாலினி ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். கணீரென்று கேட்டது.

"சத்தந்தான் வருதே மாமா, படம் இல்லாட்டி என்ன?"

"படம் இல்லாத சத்தத்தை நம்ப முடியாதும்மா," என்றேன். (இந்தத் தத்துவத்துக்கு அர்த்தம் இன்றுவரை எனக்கே தெரியாது.)

பதினொரு மணிக்கு லூமுட்டிலிருந்து அழைப்பு வந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. தினேஷ் மரியாதையாகப் பேசினார். அவருடைய அம்மா சிரித்த முகம். அப்பா மட்டும் காலை நீட்டியபடி, பெரிய மீசையோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறந்தபோது குரல் தாழ்வாகக் கேட்டது. சத்தத்தைக் கூட்டலாமென்று பார்த்தால் ஸ்பீக்கர் படம்தான் இல்லையே! கீபோர்டில் ஸ்பீக்கர் போட்டிருந்த ஒரு பட்டனை அமுக்கினேன். அது சத்தத்தைக் கூட்டுகிற பட்டன் இல்லை, வாயை மூடுகிற பட்டன். லூமுட் முழுதாக ஊமையாகிவிட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஒரு நிமிசம் சம்பந்தி!" என்று அந்த ஜன்னலைச் சுருக்கிக் கீழே அனுப்பினேன். 'எக்ஸ்ப்ளோரர்' என்ற புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் படங்கள் திரும்பி வரும் என்று போனில் படித்திருந்தேன். முதல் பாதியை வெற்றிகரமாகச் செய்தேன். கீழே இருந்த பட்டை, கடிகாரம், எல்லாம் போய்த் திரை கரிச்சட்டி மாதிரி ஆனது.

"கட் ஆயிருச்சு," என்று அறிவித்தேன்.

அக்கா பெருமூச்சு விட்டாள். "நல்லதாப் போச்சு. இவளுக்கு நல்லாச் சமைக்கத் தெரியும்னு சொல்லித் தொலைச்சிட்டேன். முட்டை அவிச்சாலே சட்டி கருகிப் போவுது. அடுத்து என்ன சமைப்பேன்னு கேட்டிருப்பாங்க."

"மாப்பிள்ளை நல்ல பையன்லா," என்றார் மச்சான்.

"மாப்பிள்ளை ஓகே மச்சான். அவங்கப்பாவைப் பார்த்தீங்களா? ரப்பர் தோட்டத்துல வேலை வாங்குற மண்டோருங்க இருப்பாங்களே, அதே மீசை, அதே முறைப்பு! நாம வேலைக்கு லேட்டா வந்துட்ட மாதிரியே பார்க்குறாரு."

மச்சான் நாற்காலி குலுங்கச் சிரித்தார். சிரிப்பு வந்துவிட்டால் எனக்கு அடங்காது. அக்காவின் சீப்பை எடுத்து மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டேன். கையைப் பின்னால் கட்டி, ஒரு காலை விந்தி விந்தி, கம்ப்யூட்டருக்கு முன்னால் நாலு நடை நடந்தேன். "எங்கடா உன் பால் வாளி?" என்று ஓர் அதட்டலும் போட்டேன்.

ஷாலினி சிரிக்கவில்லை. "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு மாமா. பேசிக்கிட்டே அவங்கப்பா காலுக்கு அடியில தலையணைய நகர்த்தி வச்சாரு, பார்த்தீங்களா? கேலி பண்ணிக் கெடுத்துறாதீங்க."

எனக்கு உறைத்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்காவின் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா. அக்கா எல்லோரும் கேட்கும்படி வைத்தாள்.

"அக்கா, கட் ஆவலக்கா. இங்க நல்லாவே தெரியுது, நல்லாவே கேக்குது. உங்க தம்பியைச் சீப்பைக் கீழ வைக்கச் சொல்லுங்க."

கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எங்கள் திரைதான் கறுத்திருந்தது, அழைப்பு பின்னால் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. குனோங் ராபாட்டின் சுண்ணாம்பு மலைகளில் ஒன்று அப்படியே என்மேல் சரிந்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். மேசைக்கு அடியில் புகுந்து வயரைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். (வெளியே வர ஒரு காரணமும் தோன்றவில்லை.)

ஷாலினிதான் வயரை மாட்டிக் கம்ப்யூட்டரை மறுபடி திறந்தாள். கீழே வலது மூலையில் ஸ்பீக்கர், வைஃபை, எல்லாப் படங்களும் ஒன்றும் நடக்காத மாதிரி வரிசையாக நின்றன. ஒருமுறை அடைத்துத் திறந்திருந்தால் சனிக்கிழமையே முடிந்திருக்கும்.

அக்கா என்னைத் தவிர எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள். மூன்று மணிவரை யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஷாலினியின் போன் அடித்தது. தினேஷ். வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

"ஆப்பரேசனுக்கு அப்புறம் அவங்கப்பா இன்னைக்குத்தான் சிரிச்சாராம் மாமா. சிரிச்சு சிரிச்சுக் கால் வலி வந்திருச்சாம். அப்புறம், சமையலைப் பத்தி நான் கவலைப்பட வேண்டாம்னாரு, அவரே நல்லாச் சமைப்பாராம்."

கல்யாணம் நடந்தது. தாய்மாமனுக்குச் சம்பந்தி வீட்டார் கொடுத்த தட்டில் வேட்டி, வெற்றிலை, பழம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புதுச் சீப்பு. கொடுத்தவர் அந்த மீசைக்காரரேதான். முறைத்துக்கொண்டேதான் கொடுத்தார்.

இரண்டு குடும்பத்திலும் இப்போது என் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. ஷாலினியின் மகளுக்கு மூன்று வயது. என்னைச் 'சீப்புத் தாத்தா' என்றுதான் கூப்பிடுகிறாள். ஏன் அந்தப் பெயர் என்று அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் யாரும் விளக்கிச் சிரமப்பட வேண்டியதில்லை. அன்று லூமுட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்த சம்பந்தி, முழுவதையும் பதிவு பண்ணி வைத்திருக்கிறார்.