ஃபிரிட்ஜில் ஒட்டிய மூளை

முழங்கால் வலிக்காரர்களுக்குள் ஒரு தனி இனம் உண்டு: வலியை ஆதாரத்தோடு வைத்திருப்பவர்கள். சாதாரண வலிக்காரர் படியில் நின்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுவார். ஆதாரக்காரரோ நின்று, நீங்கள் விசாரிக்கும்வரை காத்திருந்து, விசாரிக்காவிட்டால் விசாரித்ததாகவே வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுப்பார். தப்பிவிடலாம் என்றா நினைக்கிறீர்கள்? படி குறுகலானது.

ஆல்போர்க் நகரத்தில் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் தோர்கில் என்பவர் இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்றவர். நாற்பது வருடம் மண்டியிட்டுத் தரை ஓடு பதித்தவர். இடது முழங்கால் தேய்ந்துபோனது. ஆனால் எக்ஸ்ரேயில் டாக்டர் எழுதியது 'லேசான தேய்மானம்'. அந்த 'லேசான' அவரை ஒன்பது வருடம் தூங்கவிடவில்லை. மேல்மாடிக்காரர் பிரேபனின் எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. அந்த மனிதரோ சைக்கிள் மிதித்துப்போய் ஜனவரியின் உறைபனிக் கடலில் குளித்துவிட்டு வந்தார். இதை எந்த மனிதரால் பொறுக்க முடியும்?

வசந்தம் வந்தால் எங்கள் கட்டடத்தில் முற்றத்து வேலை நாள். எல்லோரும் கூட்டி, தோண்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். முடியாதவர் காபி போட வேண்டும். ஒன்பது வருடமாகத் தோர்கில்தான் காபி.

"காபி லேசா இருக்கேப்பா," என்பார் பிரேபன், வருடந்தவறாமல்.

அப்புறம்தான் பல்கலைக்கழகத்தில் வலி ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தார்கள். தோர்கிலைக் குழாய் மாதிரி இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, முழங்காலை அழுத்தி, மூளையைப் படம் எடுத்தார்கள். படத்தில் சிவப்புத் திட்டுகள். இரண்டு பிரதி கேட்டு வாங்கிவந்து ஒன்றை ஃபிரிட்ஜில் ஒட்டினார், இன்னொன்றைப் பையில் வைத்துக்கொண்டார். தபால்காரர் பார்த்தார். சிம்னி துடைக்க வந்தவர் இரண்டு முறை பார்த்தார். "இந்தச் சிவப்பெல்லாம் என் வலி," என்பார் தோர்கில், பேரன் படத்தைக் காட்டும் குரலில்.

பிறகு இரண்டு வாரம் மாத்திரை. சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று முடிவில்தான் சொல்வார்கள். நான்காம் நாளே வலி குறைந்தது. பத்தாம் நாள் வேலை நாள் வந்தது. தோர்கில் மண்வெட்டியோடு இறங்கி, காய்ந்த ரோஜாச் செடியை வேரோடு பிடுங்கிப் போட்டார். பதினாறு குடும்பமும் பார்த்தது. இரண்டு வாரம் முடிந்து எடுத்த இரண்டாவது படத்தில் சிவப்பு பாதிகூட இல்லை.

முடிவைச் சொல்லும் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அவர் சாப்பிட்டது மாவு.

தோர்கில் ஆராய்ச்சிக்கார டாக்டர் சிக்னேயைப் போனில் பிடித்தார்.

"வலி குறைஞ்சது நிஜம்தாங்க," என்றார் சிக்னே. "உங்க மூளையே குறைச்சிருக்கு. படத்துலயே தெரியுதே."

"மாவுல போற வலி என்ன வலின்னு கேப்பாங்களே?"

"யாரு கேப்பாங்க?"

"மேல்மாடியில ஒருத்தர் இருக்கார்."

செய்தி எப்படியோ மேல்மாடிக்கும் போனது; அந்த ஒருத்தர் தபால் பெட்டியருகே கேட்டேவிட்டார். "ஏம்பா தோர்கில், அதுல எந்த மாவு? கோதுமையா, கம்பு மாவா?"

வியாழக்கிழமை வலி திரும்பியது. நடிப்பில்லை, நிஜமாகவே வலித்தது. தோர்கிலுக்கு அழுகை வந்தது. வலித்ததற்காக இல்லை; இனி யாரும் நம்பமாட்டார்கள் என்பதற்காக.

வெள்ளி காலை, வழக்கம்போல மனைவி விபேகே தரையில் மண்டியிட்டு அவருடைய இடது காலுக்கு சாக்ஸ் மாட்டினார்.

"நீயாவது நம்புறியா?" என்றார் தோர்கில். "முதல் படத்தை எடுத்துட்டு வரட்டுமா?"

"ஒம்போது வருஷமா இந்தக் காலுக்கு சாக்ஸ் மாட்டுறேன். எனக்கெதுக்குப் படம்?"

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீ எங்க கேட்ட? படத்தைக் காட்டிக்கிட்டு இருந்த."

ஒன்பது வருடத் தாகம் தீர்ந்தது. தோர்கில் எழுந்து போய் ஃபிரிட்ஜிலிருந்து மூளையைக் கழற்றி இழுப்பறையில் வைத்தார். அவர் திரும்பியபோது விபேகே இன்னும் தரையிலேயே இருந்தார். ஒரு கையால் நாற்காலியைப் பிடித்து, மறு கையால் தன் முழங்காலை அழுத்தி, "ஸ்ஸ்" என்று மெல்ல எழுந்தார்.

தோர்கில் அவருடைய முழங்காலைப் பார்த்தார்.

"எக்ஸ்ரே எடுத்துப் பாத்தியா?"

தோர்கிலை விடுங்கள். இன்று காலை உங்கள் வீட்டில் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாரே, அவரிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள்?