தாய்மாமன் ஆமையும் தலையாட்டிய ஓணானும்

ஒரு காட்டில், மனிதர்கள் நுழைவதற்கு முன்பே படிவங்கள் நுழைந்துவிட்ட ஒரு காட்டில், திருமேனி என்றொரு ஆமை வாழ்ந்து வந்தது. நல்ல ஆமை. யார் வம்புக்கும் போகாது. வம்பு தேடி வந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, வந்தவர் போய்விட்டாரா என்று சாயங்காலம் எட்டிப் பார்க்கும்.

திருமேனிக்கு உடன்பிறந்தவள் ஒரே தங்கை. பெயர் வடிவு. கடலாமைக் குடும்பத்தில் வாக்கப்பட்டுக் கடற்கரைக்குப் போனவள். போன நாளிலிருந்து, "நீந்தத் தெரியாத காட்டுக்காரி" என்று மாமியார் வாயில் விழுந்து எழுந்துகொண்டிருந்தாள். ஆறு வருஷம் முட்டையும் இல்லை. அதற்கும் அவள்தான் காரணம் என்று பேச்சு.

இப்படியிருக்க, ஒரு நாள் காலை ஆலாப் பறவை ஒன்று சேதி கொண்டுவந்தது.

"உன் தங்கச்சி நூத்திப்பத்து முட்டை போட்டிருக்கா. இன்னும் நாப்பத்தஞ்சு நாள்ல பொரிச்சிடும். அண்ணன் வந்துதான் காது குத்தணுமாம். வெறுங்கையோட வராதேன்னும் சொன்னா" என்றது ஆலா.

கடலாமைக் குஞ்சுகள் பொரித்த அன்றே கடலுக்குப் போய்விடும். அதற்குள் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தி, கம்மல் போட்டு அனுப்ப வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். ஆமைக்குக் காது எங்கே இருக்கிறது, மடி எங்கே இருக்கிறது என்றெல்லாம் கேட்காதீர்கள். சடங்கு என்று வந்துவிட்டால் உறுப்புகளை யார் பார்க்கிறார்கள்? தாய்மாமன் வராவிட்டால் மட்டும் "நாதியத்தவ" என்று மாமியார் ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டுவாள். கடலாமை மாமியாருக்கு ஆயுள் குறைந்தது நூறு வருஷம்.

திருமேனிக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. பாவாவிட்டாலும் வேகம் கூடவில்லை. கடற்கரைக்கு ஆமை நடையில் முப்பத்தைந்து நாள் ஆகும். பத்து நாள் கையில் இருந்தது. குன்றிமணி பொறுக்கி, நூற்றுப்பத்து ஜோடிக் கம்மல் கோத்து, பூவரச இலையில் மூட்டை கட்டி முடிக்க நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் புறப்படலாம் என்று இருந்தபோதுதான் வேலி மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்ணே, பயணமா?"

செல்வரத்தினம் என்ற ஓணான். அந்தக் காட்டின் ஒரே காப்பீட்டு ஏஜென்ட். கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் தேக்கிலைக் கட்டு.

"வெளியூர் போறவங்க காப்பீடு இல்லாம போறதாண்ணே? காலம் கெட்டுக் கிடக்கு."

"காப்பீடெல்லாம் சமுத்திரம் தாண்டிப் போற பறவைங்களுக்குத்தானே தம்பி? நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"வழுக்கி விழறதுக்குச் சமுத்திரம் எதுக்குண்ணே? வாசப்படி போதாதா?"

இது நியாயமாகத்தான் பட்டது. நியாயமான ஒரு வாக்கியத்தில் தொடங்காத ஏஜென்ட்டை நானும் இதுவரை பார்த்ததில்லை. ஓணான் தேக்கிலைக் கட்டைப் பிரித்தது. பதினோரு இலைகள். எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. திருமேனிக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். ஆனால் ஒருவர் வெயிலில் வந்து எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் கொடுத்த காகிதத்தை வரிவரியாகப் படித்தால் அவரைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடாதா? மரியாதை தெரிந்த ஆமை. படிக்காமல் கேட்டது.

"தம்பி, வழியில ஓடு கீடு உடைஞ்சா பாத்துக்குவீங்களா?"

ஓணான் தலையாட்டியது.

"சீர்ச் சாமான் காணாமப் போனா?"

தலையாட்டியது.

"ஆத்துல வெள்ளம் வந்து நாள் தள்ளிப்போனா?"

இரண்டு முறை தலையாட்டியது.

"எனக்கே மனசு சரியில்லேன்னு பாதியில திரும்பி வந்தாக்கூட?"

ஓணானின் கழுத்து சிவந்து விட்டது. மூன்று முறை அழுத்தமாகத் தலையாட்டியது. திருமேனி நெகிழ்ந்துபோனது. இவ்வளவு உறுதியாக ஒத்துக்கொள்ளும் ஒருவரை அது சொந்தத்தில்கூடப் பார்த்ததில்லை. ஒரு கூடை இலந்தைப் பழத்தைக் கொடுத்துவிட்டு, காட்டிய இடத்திலெல்லாம் காலை வைத்து அழுத்தியது. ஓணான் வாயால் 'ஆமாம்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். ஆமை கவனிக்கவில்லை.

பதினோரு இலைகளையும் கொடியால் முதுகில் கட்டிக்கொண்டு திருமேனி புறப்பட்டது. இங்கேதான் விஷயம் கெட்டது. அதுவரை நூறு வருஷமாக, ஒரு காலை வைப்பதற்கு முன்னால் மற்ற மூன்று கால்களிடமும் யோசனை கேட்ட ஆமை அது. இப்போது முதுகில் தாயத்துக் கட்டியது போலத் தெம்பு. இனி எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டது. ஏதாவது ஆனால் என்ன தருவார்கள் என்பதுதான் அந்த இலைகளில் எழுதியிருக்கும். ஆகாது என்று எந்தக் காப்பீட்டிலும் எழுதியிருக்காது. இந்த வித்தியாசம் புரியாமல்தான் பாதிப் பேர் பாறையில் ஏறுகிறார்கள்.

திருமேனியும் ஏறியது. சுற்றி வரவேண்டிய பாறைச் சரிவில் குறுக்கே இறங்கியது. வழுக்கி, உருண்டு, அடிவாரத்தில் மல்லாந்து விழுந்தது. ஓட்டின் இடப்பக்கம் ஒரு விரிசல். பயத்தில் தலையை உள்ளே இழுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு குரங்கு வந்து கம்மல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. போகும்போது ஆமையைப் புரட்டிவிட்டுத்தான் போனது. குரங்குகளிலும் நல்லவை உண்டு. அதற்கப்புறம் ஆற்றில் வெள்ளம் வந்து இரண்டு நாள் கரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவுக்குப் பிறகும் குடி முழுகிவிடவில்லை. ஆற்றைக் கடந்து நேரே நடந்தால் பொரிக்கிற நாளுக்கு நான்கு நாள் முன்னதாகவே போய்ச் சேரலாம். ஆனால் கரையேறிய இடத்தில், ஒரு மருதமரத்துப் பொந்தில், காப்பீட்டுக் கம்பெனியின் கிளை அலுவலகம் இருந்தது.

'வெறுங்கையோடு எப்படிப் போவது?' என்று திருமேனி யோசித்தது. 'மாமியார்க்காரி முன்னாடி வடிவு தலைகுனிஞ்சு நிக்கணுமே. ரெண்டு எட்டு உள்ளே போய்ச் சொன்னால் போதும், மூட்டைக்குப் பதில் மூட்டை கொடுத்துவிடுவார்கள். தம்பி எவ்வளவு அழுத்தமாகத் தலையாட்டியது!'

உள்ளே போனால் வரிசை. வரிசையின் கடைசியில் ஒரு நத்தை நின்றது.

"ரொம்ப நேரமாகுமா?" என்று திருமேனி கேட்டது.

"நான் போன மழைக்கு வந்தேன்" என்றது நத்தை. "அவசரம்னா நீங்க முன்னாடி போங்க. எனக்கு எப்படியும் பதில் தெரியும்."

அப்படியும் மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் காலையில் மேலாளர் கூப்பிட்டார். மேலாளர் ஒரு முள்ளம்பன்றி. எழுதுகோலுக்குப் பஞ்சமே இல்லை. முதுகிலிருந்து ஒரு முள்ளை உருவி, மையில் தொட்டு, "சொல்லுங்க சார்" என்றார்.

"ஓடு விரிசல் விட்டிடுச்சு சார்."

முள்ளம்பன்றி எழுந்து வந்து ஓட்டைச் சுற்றிப் பார்த்தார். "ஓடு பூரா கோடு கோடா இருக்கே?"

"அது பிறவியிலேயே உள்ளது சார்."

"பிறவியிலேயேன்னா பாலிசிக்கு முன்னாடியே. ஏற்கெனவே இருந்த கோளாறை விண்ணப்பத்துல நீங்க சொல்லலையே." ஒரு முள் உடைந்தது. அடுத்த முள்ளை உருவினார். "அப்புறம்?"

"சீர் மூட்டையைக் குரங்கு தூக்கிட்டுப் போயிடுச்சு."

"அப்ப உங்க தலை எங்க இருந்துச்சு?"

"உள்ள."

"சாமானைக் கண்காணிப்பில்லாம விட்டிருக்கீங்க. சரி, பரவாயில்லை. எடுத்தது உண்மைதான்னு அந்தக் குரங்குகிட்ட ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க, பரிசீலிக்கிறோம்."

திருமேனி அடுத்ததைச் சொன்னது. "வெள்ளத்துல ரெண்டு நாள் தாமதமாயிடுச்சு சார்..."

"நீங்க ஆமை சார்" என்றார் முள்ளம்பன்றி, கொஞ்சம் வருத்தத்தோடு. "தாமதத்தை உங்க விஷயத்துல நாங்க எப்படி நிரூபிக்கிறது?"

"எல்லாத்துக்கும் உங்க ஏஜென்ட் ஒத்துக்கிட்டாரே! நான் கேக்கக் கேக்கத் தலையாட்டினாரே!"

முள்ளம்பன்றி முள்ளைக் கீழே வைத்தார். "ஓணான் எதுக்கு சார் தலையாட்டாது? வெயில் அடிச்சாலும் ஆட்டும், மழை பெஞ்சாலும் ஆட்டும். அது அதோட சுபாவம், வாக்குறுதி இல்லை. பதினோராவது இலையில அடியில போட்டிருக்கு பாருங்க."

போட்டிருந்தது. திருமேனி அதை இப்போதுதான் படித்தது.

"அதையெல்லாம் விடுங்க" என்று முள்ளம்பன்றி இலையைத் திருப்பினார். "அடிப்படையிலேயே ஒரு சிக்கல் இருக்கு. முதல் இலை, முதல் வரி. 'பாலிசிதாரர் தன் வீட்டை விட்டு வெளியேறிய கணத்திலிருந்து பயணம் தொடங்கும்.' நீங்க வீட்டை விட்டு எப்ப சார் வெளியேறினீங்க?"

திருமேனி தன் முதுகைத் திரும்பிப் பார்க்க முயன்றது. வீடு அங்கேயே இருந்தது, விரிசலோடு.

"இருபத்தெட்டு நாளா நடந்திருக்கேன் சார்."

"நடந்திருக்கீங்க. வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கீங்க. கம்பெனியைப் பொறுத்தவரை நீங்க இன்னும் புறப்படவே இல்லை." முத்திரை விழுந்தது. வெளியே வரும்போது நத்தை அனுதாபத்தோடு ஒதுங்கி வழிவிட்டது.

போகட்டும், வெறுங்கையோடாவது போவோம் என்று திருமேனி நடந்தது. அழுதுகொண்டே நடந்தது. குஞ்சுகள் முகத்தையாவது பார்க்க வேண்டும், பழியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தது. வெயில் காய்ந்தது, மணல் சுட்டது, விரிசல் வலித்தது. எங்கும் நிற்கவில்லை. அப்படியிருந்தும், வெயிலில் மணல் கொதித்து முட்டைகள் இரண்டு நாள் முந்திக்கொண்டன. கடற்கரையில் ஆமை கால் வைத்தபோது கட்டியிருந்த மாவிலைத் தோரணம் வாடிப்போயிருந்தது. மணலில் சின்னச் சின்னக் கால்தடங்கள் நேரே தண்ணீருக்குள் போயிருந்தன.

வடிவு அந்தத் தடங்களின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வடிவு..."

அவள் திரும்பிப் பார்த்தாள். "இப்பத்தான் வர்றியா? உனக்கு எவ்வளவு வேலையோ. அதான் ஆளை அனுப்பிட்டியே, அப்புறம் நீ வேற எதுக்கு அலையணும்?"

"ஆளா? நான் யாரை அனுப்பினேன்?"

"அதோ."

பந்தலின் நிழலில், விருந்து உண்ட மயக்கத்தில், வயிறு தரையில் பட ஓணான் செல்வரத்தினம் படுத்திருந்தது. கடலாமைகளுக்குப் பாலிசி விற்க உப்பு லாரிக் கூரையில் ஏறி வந்த இடம். வந்த நேரம், மாமியார் வாசலில் நின்று, "தாய்மாமன் வீட்டுல இருந்து யாரும் வரலையா?" என்று கத்திக்கொண்டிருந்தாளாம். ஓணானைப் பார்த்ததும், "நீங்க பொண்ணோட அண்ணன் அனுப்பிச்ச ஆளா?" என்று கேட்டிருக்கிறாள்.

ஓணான் தலையாட்டியது.

"காது குத்தறப்ப மடியில உக்கார வச்சுக்குவீங்களா?"

தலையாட்டியது. நூற்றுப்பத்துக் குஞ்சுகளும் ஒவ்வொன்றாக அதன் மடியில் ஏறி இறங்கின.

"எங்க மாமியாருக்கு அவரை ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றாள் வடிவு. "என்ன சொன்னாலும் ஒத்துக்கிறாராம். இப்படி ஒரு சம்பந்தி இந்தக் கரையிலேயே இல்லையாம். ஆறு வருஷத்துல அன்னைக்குத்தான் அவங்க என்கூடச் சிரிச்சுப் பேசினாங்க." கடல் பக்கம் திரும்பினாள். "பிள்ளைங்க தண்ணியில இறங்கறப்ப எல்லாம் திரும்பிப் பார்த்து, மாமா, மாமான்னு கூப்பிட்டுதுங்க. அவரைப் பார்த்துத்தான்."

வடிவு அண்ணனின் முதுகில் மூட்டையைத் தேடினாள்.

"கம்மல் பின்னாடி வருதான்னு கேட்டதுக்கு அதுக்கும் தலையாட்டினாரு. கொண்டாந்திருக்கியா அண்ணா?"

இதற்குள் ஓணான் விழித்துக்கொண்டது. ஆமையைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ச்சி. தேக்கிலைக் கட்டோடு ஓடிவந்தது.

"அண்ணே! நல்ல நேரத்துல வந்தீங்க. கிளை ஆபீஸ்ல தள்ளுபடி பண்ணிட்டாங்கன்னு சேதி வந்துச்சு. ஆனா கம்பெனி யாரையும் கைவிடாதுண்ணே. இங்க பாருங்க, உங்க கோரிக்கையை நானே முடிச்சு வச்சிட்டேன்."

இலையில் எழுதியிருந்தது: 'பாலிசிதாரர் உரிய நேரத்தில் வந்து சேர இயலாத காரணத்தால் மாற்றுத் தாய்மாமன் ஒருவர் வழங்கப்பட்டார். கணக்கு முடிக்கப்பட்டது.'

"கடைசியா ஒரே ஒரு கேள்விண்ணே, இது கட்டாயம் கேக்கணும்" என்று ஓணான் எழுத ஒரு முள்ளை எடுத்துக்கொண்டது. "எங்க சேவையில உங்களுக்குத் திருப்திதானே?"

திருமேனி வாயைத் திறந்தது. அலையின் விளிம்பில் கரைந்துகொண்டிருந்த அந்தச் சின்னத் தடங்களைப் பார்த்ததும், அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. விம்மி விம்மி அழுதது. ஒவ்வொரு விம்மலுக்கும் அதன் தலை மேலும் கீழும் ஆடியது.

ஓணான் அதை உற்றுப் பார்த்து, 'முழுத் திருப்தி' என்ற கட்டத்தில் குறி போட்டுக்கொண்டது.

நீதி: பயணக் காப்பீடு எடுத்தால் குறித்த நாளில் போய்ச் சேரலாம் என்பது உண்மைதான். யார் போய்ச் சேருவார் என்பதைப் பதினோராவது இலையில் பார்த்துக்கொள்ளவும்.