இரு நைனா, செர்வர் வரட்டும்

வடசென்னையில் அவர் அளவுக்கு மனிதர்களைக் காக்க வைத்த ஆள் இன்னொருவர் பிறக்கவில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கே அவருக்கு அடுத்த இடம்தான்.

ஏற்றுமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கும் ராயபுரம் ஆபீஸில் நான் கிளார்க். இரண்டாயிரம் பிறந்த புதிது. அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டவர் அவர். காசு மிச்சமாகும் என்று முதலாளி எல்லாவற்றிலும் லினக்ஸ் போடச் சொல்லியிருந்தார். எங்கள் ஃபைல்கள் மொத்தமும் பின்னறை செர்வரில் இருக்கும். காலையில் அது முழுசாக எழுந்த பிறகுதான் மற்றவற்றைப் போட வேண்டும். முந்திக்கொண்டால், செர்வரின் ஃபோல்டரைத் தேடிக்கொண்டு பாதியில் நின்றுவிடும். ஆகவே தினமும் ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நிற்பார்.

"இரு நைனா, செர்வர் வரட்டும்."

அந்த ‘நைனா’வே அவர் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

ஆபீஸோடு விட்டாரா என்றால் இல்லை. தன் கல்யாணத்தில், மணலி டேங்கர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட தோஸ்து வந்து சேரும் வரைக்கும் தாலியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம். பெரியவர்கள் பதறியபோது, "முகூர்த்தம் எங்க பூடும்? அவன் வரட்டும்" என்றாராம். பெண் வீட்டார் எப்படிப் பொறுத்தார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பிறகு முதலாளியின் மருமகன் மேனேஜராக வந்தார். காத்திருப்பது என்றாலே அவருக்கு வேப்பங்காய். செர்வர் வராவிட்டாலும் மற்ற கம்ப்யூட்டர்கள் எழுந்துகொள்ளும்படி அவராகவே மாற்றிவிட்டார்.

"செர்வர் வந்ததும் தானா சேர்ந்துக்கும். எதுக்கு நின்னுட்டிருக்கணும்?"

நைனா பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒருநாள் காலை கரண்ட் போய் வந்தது. எங்கள் கம்ப்யூட்டர்கள் உடனே எழுந்துவிட்டன. செர்வர் மட்டும் தன் டிஸ்க்கைச் சோதித்துக்கொண்டு கிடந்தது. நைனா அதற்குக் காவல். கஸ்டம்ஸுக்குக் காட்ட வேண்டிய ஷிப்பிங் பில் அடிக்கும் ரஹ்மத் அக்கா ஃபோல்டரைத் திறந்தால் காலியாக இருந்தது. "பழசு அப்புறம் வரும், புதுசை இதுலயே போடுங்க" என்றார் மேனேஜர். அன்றைய கப்பலுக்கான பில்களை மத்தியானம் வரை அக்கா அடித்தார். அப்போது செர்வர் எழுந்தது. பழைய ஃபைல்கள் எல்லாம் வந்தன. காலையில் அடித்ததில் ஒன்றுகூட இல்லை.

சாயங்காலத்துக்குள் பில் போகாவிட்டால் சரக்கு நின்றுவிடும். சரக்கு நின்றால் நாளையிலிருந்து அக்கா வர வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டார் முதலாளி. அந்தச் சம்பளத்தில்தான் அக்கா வீட்டில் உலை கொதித்தது.

சத்தம் கேட்டு நைனா வந்தார். "இன்னாம்மா, அழுதுகினு கீற?"

"காலைலருந்து அடிச்சது எல்லாம் போச்சுண்ணே."

"எங்க பூடும்? நீ வெறுந்தரைல வச்சுக்கீற. செர்வர் வந்து மேல பாய் விரிச்சுட்டான். பாய் விரிச்சா தரை காணாமப் பூடுமா?"

எல்லாரையும் அந்த ஃபோல்டரை மூடச் சொன்னார். "சீக்கிரம், சீக்கிரம்" என்று மேனேஜர் பறந்தார். "இரு நைனா" என்றார் இவர், நிதானமாக. அக்காவின் கம்ப்யூட்டரிலிருந்து செர்வரின் ஃபோல்டரைக் கழற்றினார். அதற்கு அடியில், அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த ஃபோல்டரில், பில்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. கப்பல் கிளம்பும் முன்பே கஸ்டம்ஸுக்குப் போய்ச் சேர்ந்தன. மறுநாள் ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் நைனா மறுபடி கைகளை விரித்தார். மேனேஜரும் வரிசையில் நின்றார்.

சில வருடம் கழித்து நைனாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. கடைசி நாள் சாயங்காலம் வடை, டீ, மாலையுடன் உட்கார்ந்திருந்தோம். சாப்பிட வீட்டுக்குப் போன ஆளைக் காணோம். கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள் என்று போன் வந்தது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாம ஆரம்பிச்சுடலாமா?"

ரஹ்மத் அக்கா எழுந்து, வடைத் தட்டுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"இருங்க சார், செர்வர் வரட்டும்."

முதலாளி சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். டீ ஆறியது. நைனாவை வழியனுப்ப எங்களில் ஒருவருக்கும் அவசரமில்லை.