பௌர்ணமி அண்ணாச்சியின் மௌன விருந்து

துபாயின் ஜூன் மாத வெயிலைப் பார்த்து, "சபாஷ், இன்னும் நல்லா அடி" என்று கைதட்டி வாழ்த்திய மனிதர் உலகத்திலேயே ஒருத்தர்தான் இருந்திருக்க முடியும். அந்த ஒருத்தர் போயும் போயும் எங்கள் ரூமில் வந்து சேர்ந்திருந்தார்.

தொண்ணூறுகளில் நான் இருந்த கராமா ஏரியா ரூமைப் பற்றிச் சொல்கிறேன். ஏழு கட்டில், ஒரு பாத்ரூம், ஒரு ஏசி. அந்த ஏசி என் தலைக்கு நேராக இருந்ததால் எனக்கு வருஷம் பூரா ஜலதோஷம். ஜன்னலோரக் கட்டில் பௌர்ணமி அண்ணாச்சியுடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒரு கட்டிட கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் இருந்திருக்கும், நாங்கள் கேட்டதில்லை. பௌர்ணமி வந்தால் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மெழுகுவர்த்தியும் உப்புப் பாக்கெட்டுமாக மொட்டை மாடிக்குக் கிளம்பிவிடுவார். அதனால் வந்த பெயர் அது.

சாமி கும்பிடத்தான் போகிறார் என்று நினைத்தோம். சாமிதான், ஆனால் நம்மூர் சாமி இல்லை. அவர் ஆபீசில் செக்ரட்டரியாக இருந்த இங்கிலீஷ்கார அம்மாவின் சாமி. விக்கா என்று பெயராம். சர்ச்செல்லாம் வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் நிலாவையும் சூரியனையும் கும்பிட்டார்களாமே, அதை இப்போது புதுசாகத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்களாம். நம் ஊரில் ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று சொன்னால் வெட்டுக்குத்து ஆகிவிடும். அந்த அம்மாவோ தன்னைத்தானே பெருமையாக அப்படிச் சொல்லிக்கொள்வாராம். அதிலும் யாருக்கும் கெடுதல் செய்யக் கூடாது என்பதுதான் முதல் சட்டமாம்.

"கெடுதல் செய்யக் கூடாதுன்னா அப்புறம் எதுக்கு அண்ணாச்சி சூனியம்?" என்று கேட்டேன்.

"அதான் தம்பி எனக்கும் வெளங்கல" என்றார்.

அந்த அம்மா ஊருக்கே திரும்பிப் போனபோது ஓர் அட்டைப்பெட்டி நிறையச் சாமான்களை அண்ணாச்சி தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். அவஸ்தை எங்களுக்கு. பெட்டியில் கறுப்புப் பிடி போட்ட கத்தி ஒன்று இருந்தது. அது எதையும் வெட்டக் கூடாத கத்தி. காற்றில் வட்டம் போட மட்டும்தானாம். ஒருநாள் பாய் அவசரத்தில் அதை எடுத்து வெங்காயம் நறுக்கிவிட்டார். அண்ணாச்சி தலையிலடித்துக்கொண்டு கத்தியைச் சுத்திகரிக்கிறேன் என்று உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். துருப்பிடித்து வெளியே வந்தது. "பாத்தீரா, வெங்காயத்துக்கு எம்புட்டு சக்தின்னு" என்றார்.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழக்கரைக்காரர், பர் துபாயில் துணிக்கடை சேல்ஸ்மேன், ஒரு வேளைகூடத் தொழுகை தவறாதவர். அண்ணாச்சியின் வட்டத்துக்குத் திசை சுத்தமாக இருக்க வேண்டும். கிழக்கு காற்றுக்கு, தெற்கு நெருப்புக்கு, மேற்கு தண்ணீருக்கு, வடக்கு மண்ணுக்கு. அந்தக் கட்டிடத்தில் மேற்கு எது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் பாய்தான்.

"ஏங்க அண்ணாச்சி, நான் தொழுவுறதுக்கு அடையாளம் வெச்சிருக்குற திசைய நீங்க சூனியத்துக்குக் கேக்குறீங்களே, இது நியாயமா?"

"மேக்க ஒமக்கு மட்டும் எழுதியா வச்சிருக்கு? ஓரமா நின்னுக்கிடுதேன் பாய்."

குளிர் தேசத்துப் பண்டிகைகளை அண்ணாச்சி தேதி மாறாமல் துபாயில் கொண்டாடினார். ஜூனில் சூரியன் உச்சிக்கு வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும், அதற்குத்தான் அந்தக் கைதட்டல். மே மாதம் பிறந்ததும் நெருப்பைத் தாண்ட வேண்டும். மொட்டை மாடியில் நெருப்பு மூட்டினால் வாட்ச்மேன் சும்மா விடுவாரா? மெழுகுவர்த்தியைத் தாண்டினார். வேட்டி நுனி பற்றிக்கொண்டது. நாங்கள் பதறிப்போய் டேங்க் குழாயைத் திறந்து வாளி வாளியாக ஊற்றினோம். மே மாதத்து டேங்க் தண்ணீர்! நெருப்பால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் தண்ணீர் பட்டுத்தான் கால் கொப்பளித்தது.

சிரித்தோமே தவிர உள்ளூர உதறல்தான். அந்த நாட்டில் மந்திரம் மாயம் என்று பிடித்தால் ஜெயில், அப்புறம் விமானம். உப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டு பட்டாண் வாட்ச்மேன், "யே க்யா ஹை?" என்று உறுமியபோது எறும்புக்குப் போட்டது என்று நான்தான் சமாளித்தேன். ஆனால் விசா புதுப்பிக்கும் சமயம் வந்தால் அதே ரூம்காரர்கள் ஒவ்வொருவராகப் போய், "அண்ணாச்சி, நமக்கும் ஒரு மெழுகுவர்த்தி" என்று காதைக் கடிப்பார்கள். வெட்கங்கெட்ட கூட்டம். நானும் கடித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் பேச டெலிபோன் பூத்தில் வரிசையில் நிற்போம். அண்ணாச்சியும் கார்டை வாங்கிக்கொண்டு நிற்பார். அவர் முறை வந்ததும், "நீரு பேசும் வே, அவசரமா இருப்பீரு" என்று பின்னால் இருப்பவரை முன்னே தள்ளிவிட்டுக் கடைசிக்குப் போய்விடுவார். இப்படியே சாயங்காலம் ஆகிவிடும். பேசாமலே திரும்பி வருவார்.

ஒரு தடவை இது என்ன கூத்து என்று கேட்டேவிட்டேன். அன்றைக்குத்தான் சொன்னார். ஊரில் அவர் மனைவி சொர்ணம் காய்ச்சலில் இறந்துபோனபோது இவருடைய பாஸ்போர்ட் விசா வேலையாக எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. அது கைக்கு வருவதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. ஒரே மகள், அவர் அக்கா வீட்டில் வளர்கிறாள். ஆபீசில் எல்லோரும் "ஐயாம் சாரி" சொல்லிவிட்டுச் சைட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த இங்கிலீஷ் அம்மா மட்டும் டீ போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்டோபர் கடைசி நாளில் செத்தவர்கள் வரும் கதவு திறக்கும். பேசாமல் சாப்பிட்டு, அவளுக்கும் ஒரு தட்டு வை. வருவாள்" என்றாராம்.

"அவ கோவக்காரி தம்பி. கடைசியா மொகம் பாக்க வரலன்னு கோவிச்சிக்கிட்டிருக்கா. வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டான்னா கோவம் தீந்திட்டுன்னு அர்த்தம். அன்னைக்கே ஊருக்குப் போயிருவேன். அதுவரைக்கும் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவ?"

சொர்ணம் வரவில்லை. வருஷா வருஷம் தட்டு வைத்தபடியே ஆறிக் கிடக்கும். அண்ணாச்சி லீவு டிக்கெட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார். கம்பெனியில் அவரை உழைப்பாளி என்று மெச்சிக்கொண்டார்கள்.

அந்த வருஷ அக்டோபர் கடைசியும் வந்தது. அண்ணாச்சி நெய்மீன் குழம்பு வைத்தார். நாங்கள் மூச்சு விடாமல் சாப்பிட்டோம். ஆறு ஆண்பிள்ளைகள் ஒரே அறையில் பேசாமல் சாப்பிட்டால் அவனவன் மெல்லுகிற சத்தம் எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரியும். பிறகு சொர்ணத்துக்குப் பரிமாறி, கரப்பான்பூச்சி விழாதபடி இன்னொரு தட்டால் மூடி மேஜைமேல் வைத்தார். நாம் இருந்தால் அவள் கூச்சப்படுவாளாம். எல்லோரும் மாடிக்குப் போனோம்.

பாய்க்கு எப்போதும் ராத்திரி டியூட்டி முடிய நேரமாகும். அவர் பங்கைத் தினமும் மூடி வைத்துவிடுவது எங்கள் ரூம் வழக்கம்; அந்த ராத்திரி மட்டும் இறங்கி வந்து எடுத்து வைக்கலாம் என்று சட்டியிலேயே விட்டிருந்தோம். அன்றைக்குப் பார்த்து அவர் கடைத் தெருவில் கரண்ட் போய், முதலாளி சீக்கிரமே ஷட்டரை இறக்கிவிட்டார். பசியோடு வந்தார் மனுஷன். ரூமில் யாருமில்லை. மேஜையில் மூடிய தட்டு. அவர் என்னத்தைக் கண்டார்? உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டு, நேரமாகிவிட்டதே என்று தட்டைக் கழுவாமல் மூடிவைத்துவிட்டுத் தொழப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

நாங்கள் இறங்கி வந்தோம். அண்ணாச்சி மூடியைத் தூக்கினார். ஒரு பருக்கை இல்லை. மீன் முள் மட்டும் தட்டோரமாக வரிசையாக அடுக்கியிருந்தது. அண்ணாச்சி மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "வந்துட்டா" என்றார். நான் நழுவி அறைக்கு வெளியே போய்விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மாடிப்படியில் பாய் எதிரே வந்தார். "கொழம்பு ஏ ஒன்னுங்க இன்னிக்கு! துண்டு மீனும் பெருசா வெச்சிருந்தீங்க" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ்! மவுத்தானவங்க சோத்தையா தின்னேன்? சும்மா சொல்லுங்க, வெளையாடுறீங்கதானே?"

மறுநாளே அண்ணாச்சி லீவு கேட்டார். ரூம் மொத்தமும் கூடிப் பேசி, பாயை வாய் திறக்கவிடக் கூடாது என்று முடிவு செய்தோம். ஏதோ ஒரு வகையில் அந்த மனுஷன் ஊருக்குப் போகட்டுமே! பாய் அரை மனதாகத் தலையாட்டினார். ஆனால் ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டே கிடந்தார்.

கிளம்புகிற அன்று வெள்ளிக்கிழமை. மதியம், அட்டைப்பெட்டிமேல் பாயை உட்கார வைத்து அமுக்கிக்கொண்டு அண்ணாச்சி கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஜும்ஆ தொழுகை முடித்து வந்த பாய்க்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அண்ணாச்சி, உங்க கால்ல வுழுறேன். அன்னிக்கி அந்தச் சோத்தை நான்தாங்க தின்னுட்டேன். எனக்கு வெச்சதுன்னு நெனச்சிட்டேன்."

அண்ணாச்சி கயிற்றை விடாமல், "தெரியும் வே" என்றார்.

"எப்படி?"

"முள்ள எடுத்துப் பட்டாளம் மாதிரி வரிசையா நிறுத்துத ஆளு இந்த ரூம்ல நீரு ஒருத்தருதான. சொர்ணம் கடிச்சித் துப்பிட்டுப் போயிட்டே இருப்பா."

"அப்ப ஏன் ஊருக்குக் கெளம்புறீங்க?"

அண்ணாச்சி முடிச்சை இறுக்கினார். அது இறுகவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"மூடியத் தூக்கினதும் ஒரு நிமிசம் நெசம்னே நம்பிட்டேன் பாய். சந்தோசம் வரணும்லா? வரல. ஐயோ, இனி ஊருக்குப் போவணுமேன்னு பயம்தான் வந்திச்சி. அப்பத்தான் தெரிஞ்சிது, அவ கோவத்துக்குப் பயந்து நான் இங்கன கெடக்கல. எம்மவ மொகத்துல முழிக்கப் பயந்து கெடக்கேன். செத்தவ வந்து சாப்பிடணும்னு இங்க தட்டு வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். உசுரோட இருக்கவ அங்க யாரு வீட்டுலயோ தட்ட ஏந்திக்கிட்டு நிக்கா."

பாய் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எங்களுக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஏழு பேரில் ஊரிலிருந்து ஏதாவது ஒரு சாவுச் செய்தியை டெலிபோனில் கேட்டுவிட்டு மறுநாள் டியூட்டிக்குப் போகாதவர் யாருமில்லை.

போனவர் திரும்பவில்லை. கல்ஃபை விட்டே வந்துவிட்டார், மகள் முதலில் பேசவில்லை, இப்போது சண்டை போடும் அளவுக்குப் பேசுகிறாள் என்று அவர் ஊர்க்காரர் ஒருத்தர் சொல்லிக் கேள்வி. சண்டை போடுகிறாள் என்றால் நல்லதுதான் என்றார் பாய்.

ஜன்னலோரக் கட்டிலுக்குச் சேலத்துக்காரர் ஒருவர் வந்தார். தங்கமான மனிதர். நேரத்துக்குப் படுப்பார், முறை தவறாமல் ரூம் கூட்டுவார், அவரால் ஒருத்தருக்கும் ஒரு தொல்லை கிடையாது. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு என்னிடம் தயங்கித் தயங்கி, "ஏன் சார், நான் எதாச்சும் தப்பு பண்ணிட்டனா? இந்த ரூம்ல யாருமே எங்கிட்ட மொகம் குடுத்துப் பேச மாட்டேங்கறாங்களே" என்று கேட்டார். நீங்கள் அண்ணாச்சி இல்லை, அதுதான் நீங்கள் செய்த தப்பு என்று அந்த நல்ல மனிதரிடம் எப்படிச் சொல்வது?