குழாய் இணைப்பு அலுவலகத்தில் நூற்றிருபது மணி நேரம்

பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டியே வேலை என்றால் என்னவென்று தெரியாமல் வளர்கிறார்களே என்ற கவலை, ஒரு நாள் பிற்பகலில் மேலிடத்துக்கு வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வந்த கவலை, அதனால் கொஞ்சம் கனமாகவே இருந்தது. மாலைக்குள் 'பணிவழிக் கற்றல் திட்டம்' உதயமாகிவிட்டது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஏதாவது ஓர் அலுவலகத்தில் நூற்றிருபது மணி நேரம் வேலை கற்க வேண்டும். கற்றார்கள் என்று கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் பரீட்சை இல்லை.

தையல்காரியின் மகளுக்குக் குழாய் இணைப்பு அலுவலகம் விழுந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்குக் குழாய் கேட்டு அம்மா கொடுத்த மனு, கிணற்றில் போட்ட கல்லாக இரண்டு வருடமாய் அங்கேதான் கிடந்தது. அம்மா தினமும் தையல் மிஷினை விட்டு எழுந்து, இரண்டு தெரு தள்ளிப் போய், எட்டுக் குடம் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள்.

"நம்ம மனுவை உருவி மேல வெச்சிடாதே. மத்தவங்களும் காத்திருக்காங்க இல்ல? அது அங்க இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வா" என்று சொல்லி அனுப்பினாள் அம்மா.

அலுவலகத்தில் ஒரு கண்காணிப்பாளர், ஒரு பியூன், ஆள் நியமிக்கப்படாத மூன்று நாற்காலிகள், கூரையைத் தொட முயன்றுகொண்டிருந்த மனுக்கட்டு. கண்காணிப்பாளர் நல்ல மனிதர். சிரித்த முகத்தோடு படிவத்தை வாங்கினார், பேனா மூடியைத் திறந்தார், ஒன்பதாவது நிபந்தனையைப் படித்தார், மூடியை மறுபடி மூடிவிட்டார். கையெழுத்திடும் அலுவலர் தாமும் பணிவழிக் கற்றல் சான்றிதழ் பெற்றவராக இருத்தல் வேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

"எனக்கு முப்பத்தொரு வருஷ சர்வீஸ்மா."

"சான்றிதழ் இருக்கா சார்?"

"வேலைதான் இருக்கு. சான்றிதழ் இல்லை."

விளக்கம் கேட்டு எழுதினார். விஷயம் தண்ணீர் அல்ல, சான்றிதழ் என்பதால் இரண்டே நாளில் பதில் வந்தது. 'முப்பத்தொரு ஆண்டுகள் பணியில் இருந்தமை, பணியைக் கற்றமைக்குச் சான்றாகாது.' மேலிடம் தெரியாத்தனமாக ஓர் உண்மையை எழுதிவிட்டது. சான்றிதழ் பெற்ற ஒருவரிடம் அவரும் நூற்றிருபது மணி நேரம் வேலை கற்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அந்தத் தெருவிலேயே சான்றிதழ் வைத்திருந்த ஒரே ஆள், எதிர்த்த ஜெராக்ஸ் கடை அக்கா. வயது பத்தொன்பது. போன வருடம் வெள்ளோட்டமாக நடந்த திட்டத்தில் தேறியவள். சான்றிதழைக் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தாள்.

கண்காணிப்பாளர் அவளிடம் போயாக வேண்டும். அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கண்காணிப்பாளர் நாற்காலி அலுவல் நேரத்தில் காலியாக இருக்கக் கூடாது என்று நிலையாணை.

"நான் உட்கார முடியாதும்மா. ஆர்டர்ல எனக்கு ஸ்டூல்தான் போட்டிருக்கு" என்றார் பியூன். வருகைப் பதிவேட்டில் மிச்சமிருந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். மாணவி, 'பொறுப்புக் கண்காணிப்பாளர் (பயிலுநர்)' ஆனாள்.

நாற்காலியில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியே ஜெராக்ஸ் கடை நன்றாகத் தெரியும். குறுகலான தெரு என்பதால் பேச்சும் கேட்கும்.

"சார், ஆள் நிக்கிறாங்க பாருங்க. பேப்பரை வாங்குங்க."

"வாங்கி?"

"காப்பி எடுத்துக் கொடுங்க."

கண்காணிப்பாளர் வாயைப் பிளந்தார். "இன்னைக்கேவா?"

மாணவி விதிப் புத்தகத்தைத் திறந்தாள். வரைபடம் சரியா, வீட்டு ரசீது இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட்டு முத்திரை குத்த வேண்டும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. இதற்கு நாளாக வேண்டும் என்று பாவம் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழைய மனுவிலிருந்து தொடங்கி வரிசையாகப் போனாள். பதினைந்து நாளில் முந்நூற்று நாற்பது மனு முடிந்தது.

ஊர் மிரண்டுபோயிற்று. ஒரு பெரியவர் தமக்கு வந்த இணைப்பு உத்தரவைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "இவ்வளவு சீக்கிரம் வந்தா இது போலியாத்தான்மா இருக்கும். நல்லதா ஒண்ணு குடு, நான் காத்திருக்கேன்" என்றார்.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் பியூன் கேட்டார், "உங்க அம்மா மனு வரவே இல்லையே?"

"முந்நூத்தி நாப்பத்தொண்ணு. நாளைக்குக் காலையில முதல்ல அதுதான்" என்றாள். அன்று இரவு அவளுக்குக் குழாய்ச் சத்தமாகவே கனவு வந்தது.

காலையில் கண்காணிப்பாளர் லேமினேட் செய்த சான்றிதழோடு வந்து நின்றார். மனுக்கட்டு பாதியாகியிருந்ததைப் பார்த்ததும் திருட்டுப் போய்விட்டது என்றே நினைத்தார். விவரம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேலேருந்து மூணு தடவை போன் வந்துச்சு. எதுக்குன்னு இப்பதான் புரியுது. முந்நூத்தி நாப்பது வீட்டுல ஒரே நேரத்துல குழாயைத் திறந்தா டேங்க்ல என்னம்மா இருக்கும்? இத்தனை வருஷம் ஊருக்குத் தண்ணி எப்படிப் பத்துச்சுன்னு நினைக்கறே? நாங்கதானே காப்பாத்திக்கிட்டு வந்தோம்."

"நீங்க கடையில அன்னன்னிக்கே முடிச்சுக் கொடுத்தீங்களே சார்?"

"அது கடை. காக்க வெச்சா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. இங்கேருந்து எங்க போவாங்க?"

படிவத்தை விரித்தார். பயிலுநர் இவ்வலுவலகத்தின் வழக்கமான நடைமுறையைக் கற்றுக்கொண்டாரா என்பது கேள்வி. கண்காணிப்பாளர் மனசாட்சி உள்ளவர். "இங்க வேலை எப்படி நடக்கும்னு உனக்குச் சுத்தமாத் தெரியலைம்மா. பொய்க் கையெழுத்துப் போட என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு, 'போதவில்லை. மீண்டும் நூற்றிருபது மணி நேரம்' என்று எழுதினார். மாணவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பரீட்சைக்கு இருபது நாள்கூட இல்லை.

இந்த முறை அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கற்றாள். ஆள் வந்ததும் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். மனுவை வாங்கி முதலில் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். ஜெராக்ஸைக் கொடுத்தால் அசலையும், அசலைக் கொடுத்தால் ஜெராக்ஸையும் கேட்க வேண்டும். அவளுக்குக் கண்ணாடி இல்லை என்பதால் கண்காணிப்பாளர் தம் பழைய கண்ணாடியைத் துடைக்கக் கொடுத்தார்.

கடைசி நாள் வந்தது. மறுநாள் பரீட்சை. கண்காணிப்பாளர் படிவத்தை விரித்து, பேனாவைத் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஜன்னலுக்கு வெளியே நீள வரிசை. முதல் ஆளின் கை உள்ளே நீண்டது. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

அம்மா. மனுக்கட்டில் மேலாக இருந்ததும் அம்மாவின் மனுதான். பக்கத்திலேயே முத்திரை, ஈரம் காயாமல் இருந்தது. ஒரு குத்து, ஒரு கையெழுத்து, அரை நிமிட வேலை. கண்காணிப்பாளரின் பேனா முனை படிவத்துக்கு மேலே காத்திருந்தது.

மாணவி கண்ணாடியைத் துடைத்தாள். மனுவின் பின்பக்கத்தைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள், "நாளைக்கு வாங்க."

அம்மாவிடம் அவள் 'வாங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கண்காணிப்பாளர் கண் கலங்கிவிட்டார். 'மிகச் சிறப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அம்மா கோபப்படவில்லை. வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "என் பொண்ணுங்க. கேட்டீங்களா, அப்படியே ஆபீசர் மாதிரியே பேசறா" என்றாள். போலி உத்தரவு வேண்டாமென்று திருப்பித் தந்த பெரியவர்கூட, "நல்லா வருவாம்மா. இப்பதான் நம்பிக்கையா இருக்கு" என்றார். வரிசை முழுக்கத் தலையை ஆட்டிவிட்டு, மறுநாள் வருவதாகச் சொல்லித் திருப்தியோடு கலைந்தது.

அன்று சாயங்காலம் மகள் குடத்தை எடுக்கப் போனாள். அம்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். ஆபீசராகப் போகிற பெண் தெருவில் குடம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளிப் போய், எட்டுக் குடத்தையும் தானே சுமந்தாள்.