மூன்று மைல் சங்கு

மூன்றாவது மைல்கல்லில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார் ஓவர்சியர் ஜெபரத்தினம். கனகம்மாசத்திரம் சாலை வெயிலில் மெல்ல நெளிந்தது. கரும்புத் தோகைகள் தூக்கத்தில் பேசுவதுபோல் சலசலத்தன. தூரத்தில் திருத்தணி மலை நீலமாக மிதந்தது. அதன் அடிவாரத்தில் பத்து மணிக்கு வேலையாள் முனியன் கைப்பிடியைச் சுற்றி ஊத வேண்டிய அபாயச் சங்கின் ஓசை மட்டும் வரவில்லை.

"கேக்குதாய்யா?" என்றார், எருமை மேய்த்துக்கொண்டிருந்த கஜபதியிடம்.

"எதுங்க?"

"சங்கு! ஜப்பான்காரன் குண்டு போட வந்தா ஊதறது."

"குயிலுதாங்க கத்திகினு இருக்குது."

ஜெபரத்தினத்துக்குக் குயில் மேல் கோபம் வந்தது. போன வாரம் தபாலில் வந்த கம்பெனிப் புத்தகத்தை எடுத்தார். வழவழப்பான தாள். 'சோதித்ததில் மூன்று மைல் கேட்டது' என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்து இங்கிலீஷ். கம்பெனி என்றால் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. இரண்டு மாதம் முன்பு சங்கு வந்திறங்கியபோது, கம்பெனி ஆள் நீட்டிய நாலு காகிதத்திலும் படிக்காமலே கையெழுத்துப் போட்டவர்.

நாளைக் காலை சித்தூரிலிருந்து துரை வந்து இதே கல்லருகே நின்று கேட்பார். கேட்காவிட்டால் ஜெபரத்தினத்துக்கு வேலை போய்விடும்.

'மேட்டில் வைக்கவும்' என்றது ஐந்தாம் பக்கம். நாலு பேர் சங்கைப் பாதி மலைக்குத் தூக்கினார்கள். ஊதியதும் படியேறிய காவடிக்காரர்கள் காவடியோடு கீழே ஓடினார்கள். ஜெபரத்தினம் சைக்கிளில் மைல்கல்லுக்குப் பறந்தார். குயில்.

'எண்ணெய் இடவும்' என்றது ஏழாம் பக்கம். முனியன் ஒரு படி விளக்கெண்ணெயை ஊற்றினான். சங்கு இருமியது. அடிவாரத்துக்கே கேட்கவில்லை.

'வேகமாகச் சுற்றவும்.' இரண்டு பேர் சுற்றினார்கள். கைப்பிடி முனியன் கையோடு வந்துவிட்டது.

சாய்ந்த வெயிலில் ஜெபரத்தினம் படியில் உட்கார்ந்தார். கீழே வயல்கள் மங்கிக்கொண்டே போயின. சங்கோசை காயப்போட்ட வேட்டியாக அவற்றின் மேல் விரிந்துகொண்டே போவதாக நினைத்துப் பார்த்தார். சுகமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"புஸ்தகம் பொய் சொல்லாது முனியா. நம்ம ஊரு காத்துலதான் ஏதோ கோளாறு."

"ஆங், இருக்குங்க."

சாப்பாட்டுத் தூக்கோடு ஏறி வந்தாள் அவர் மனைவி தபிதாள். மிஷன் பள்ளி டீச்சர். எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது அவள் வழக்கம்.

"மூணு மைல்னு யாரு கேட்டுச் சொன்னாங்கன்னு பார்த்தீங்களா? பின்னால பொடி எழுத்துல இருக்குது."

"யாராவது பெரிய இஞ்சினீரா இருப்பாரு. அந்த மனுஷனைத் தேடிப் போயி ஒரு கேள்வி கேக்கணும், தபிதா. எந்த ஊருல, எந்தக் காதால கேட்டாருன்னு."

தபிதாள் புத்தகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"ஊரு திருத்தணி. 'என் காதால் கேட்டேன்'னு கையெழுத்துப் போட்டிருக்கிறது, ஓவர்சியர் ஜெபரத்தினம்."